1899இல் வெளியான ஸ்டீபன் கிங் நாவல்

2009ஆம் ஆண்டில் கூகுள் புக்ஸ் பட்டியலை அப்படியே நம்பியிருந்தால், 1899ஐ உலக இலக்கியத்தின் பொற்காலம் என்றே சொல்லியிருக்க வேண்டும். ஸ்டீபன் கிங்கின் 'கிறிஸ்டீன்' அந்த ஆண்டில் வெளிவந்ததாகப் பட்டியல் சொன்னது. கிங் பிறந்தது 1947இல். ஆந்த்ரே மல்ரோவின் புகழ்பெற்ற நாவல் ஒன்றும் அந்த ஆண்டுக் கணக்கில் இருந்தது. மல்ரோ பிறக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. ரேமண்ட் சாண்ட்லர் பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே துப்பறியும் கதைத் தொகுதி வெளியிட்டிருந்தார். வர்ஜீனியா உல்ஃபின் சிறுகதைகள், பாப் டிலனின் வாழ்க்கை வரலாறு, நோவா ஸ்கோஷியாவுக்குப் போகிறவர்களுக்கான பயணக் கையேடு, பீட்டில்ஸின் 'யெல்லோ சப்மரீன்' கதையின் போர்ச்சுகீசியப் பதிப்பு எல்லாமே 1899.

இதைக் கண்டு ஊருக்குச் சொன்னவர் ஜெஃப்ரி நன்பர்க். பெர்க்கிலியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவலியல் துறையில் பணியாற்றிய மொழியியலாளர். ஒரு சொல் எந்தப் பத்தாண்டில் புழக்கத்துக்கு வந்தது, எப்போது பொருள் மாறியது என்று தேடுகிறவருக்குப் பதிப்பாண்டுதான் உயிர்நாடி. 2009 ஆகஸ்ட் இறுதியில் அவர் எழுதிய குற்றப்பத்திரிகையை, பழந்தமிழ் அச்சு நூல்களின் ஆண்டைத் தேடிக்கொண்டிருந்த காரணத்தால் நான் மிகுந்த அக்கறையோடு படித்தேன். பிழை இருப்பது வெளிப்படை. அது எந்தக் கையால் உள்ளே நுழைந்தது என்பதுதான் சுவையான விசாரணை.

முதலில் சந்தேகம் விழுவது படமெடுக்கும் இடத்தின் மீது. 2004 டிசம்பர் 14 அன்று ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, ஆக்ஸ்ஃபோர்டு, மிச்சிகன் பல்கலைக்கழகங்களோடும் நியூயார்க் பொது நூலகத்தோடும் சேர்ந்து நூலக நூல்களைப் படமெடுத்துத் தேடக்கூடியதாக்கும் இந்தப் பெருந்திட்டத்தைக் கூகுள் அறிவித்தது. மிச்சிகனில் மட்டும் ஏறத்தாழ 70 லட்சம் நூல்கள். தங்கள் வேகத்தில் ஆயிரம் ஆண்டுகள் ஆகும் என்பது அந்த நூலகத்தாரின் கணிப்பு. ஆறே ஆண்டுகளில் முடிக்கலாம் என்றார் அங்கேயே படித்த, கூகுள் நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜ். அதற்கு முன்பே, 2002இல், பேஜும் கூகுளில் பணியாற்றிய மரிசா மேயரும் 300 பக்க நூல் ஒன்றை வைத்துக்கொண்டு, தாளகதிக் கருவியின் துடிப்புக்கு ஏற்பப் பக்கம் புரட்டிப் பார்த்திருந்தார்கள். 40 நிமிடம் ஆனது.

பின்னாளில் வந்த ஏற்பாட்டிலும் பக்கத்தைப் புரட்டியது மனிதக் கைதான். மேலே கேமராக்கள், முதுகுத் தையல் அருகே தாள் வளைவதை அகச்சிவப்புக் கதிரால் அளந்து, மென்பொருள் அந்த வளைவைச் சமன்செய்துவிடும். சில படங்களில் ரப்பர் உறை மாட்டிய விரல் நுனி ஓரத்தில் அகப்பட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். எழுத்துணரி மென்பொருள் தேய்ந்த அச்சில் 1889ஐ 1839 என்று படித்துவிடக்கூடும். ஆனால் அத்தகைய பிழை எல்லா ஆண்டுகளிலும் சிதறிக் கிடக்க வேண்டும். ஒரே ஆண்டில் குவியாது. குவியல் இருந்தால், யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஒரு நிரல் அந்த எண்ணை எழுதி வைத்திருக்கிறது என்று பொருள். படமெடுத்தவர்களை விட்டுவிடலாம்.

அடுத்தவர் நூலகர். தரவு நூலகங்களிடமிருந்து வந்தது, பிழையும் அவர்களுடையதே என்று கூகுள் தரப்பு சொன்னதாக நன்பர்க் குறிப்பிடுகிறார். இதைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. கூகுள் எடுத்த படங்களின் ஒரு பிரதி அந்தந்த நூலகத்துக்கும் கிடைத்தது. அவற்றைச் சேர்த்து வைப்பதற்காக 2008இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஹாத்திடிரஸ்ட் என்னும் பொதுக் களஞ்சியத்தைத் தொடங்கின. இன்று அதில் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட தொகுதிகள் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு தொகுதியின் அடையாள எண்ணும் பெரும்பாலும் நூலின் மேல் ஒட்டிய பார்கோடுதான். மிச்சிகன் நூல் என்றால் 39015 என்று தொடங்கும். பதினான்கு இலக்கங்களில் முதல் 3, இது நூல் என்கிறது (2 என்றால் வாசகரின் அட்டை). அடுத்த நான்கு இலக்கங்கள் நூலகத்தின் அடையாளம், அதன்பின் எட்டு அந்தப் படிக்கே உரியவை, கடைசி இலக்கம் கணக்குச் சரிபார்க்க. ஆக, திரையில் தெரியும் படத்திலிருந்து அலமாரியில் இருக்கும் அந்த ஒரே படிக்கும், அதற்கு நூலகர் எழுதிய பட்டியல் அட்டைக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம். நன்பர்க் நூலகப் பட்டியல்களோடு ஒப்பிட்டபோது, கூகுள் தவறாகச் சொன்ன ஆண்டுகள் அங்கே சரியாகவே இருந்தன. நூலகரின் கையிலும் கறை இல்லை.

இந்த இடத்தில் இரண்டு கருதுகோள்கள் மனத்தில் எழும். நூற்பட்டியல் எழுதுவோர், முகப்புப் பக்கத்தில் ஆண்டே இல்லாத 19ஆம் நூற்றாண்டு நூலுக்கு '18--' என்று குறிப்பார்கள். நூற்றாண்டு தெரியும், மீதி தெரியாது என்பது அதன் பொருள். இரண்டு கோட்டையும் ஒரு நிரல் 99 என்று நிரப்பியிருந்தால்? அழகான விளக்கம். ஆனால் ஸ்டீபன் கிங்கின் நூலுக்கு எந்த நூலகரும் '18--' போடமாட்டார். இன்னொன்று கணினிக்காரர்களுக்குத் தெரிந்தது: சில புகழ்பெற்ற மென்பொருள்களில் நாட்களை எண்ணும் கணக்கு 1899 டிசம்பர் 30ஐ சுழியாகக் கொள்கிறது. நாள் கட்டம் காலியாக இருந்தால் அந்த ஆண்டு எட்டிப் பார்க்கும். இது முந்தையதைவிட வலுவானது, ஏனெனில் எந்தக் காலத்து நூலுக்கும் பொருந்தும். ஆனாலும் பொருத்தம் மட்டுமே சான்றாகிவிடாது.

விடை கூகுளுக்குள்ளிருந்தே வந்தது. நூல் விவரத் தரவுக்குப் பொறுப்பாக இருந்த ஜான் ஆர்வான்ட், குற்றச்சாட்டுக்கு விரிவாகப் பதில் எழுதினார். அண்மையில் பிரேசில் நாட்டுத் தரவு வழங்குநர் ஒருவரிடமிருந்து விவரங்களைச் சேர்த்துக்கொண்டதாகவும், ஆண்டு தெரியாத இடத்திலெல்லாம் 1899 என்று போடுவது அவர்கள் வழக்கம் என்பது தங்களுக்குத் தெரியாது என்றும் விளக்கினார். நன்பர்க் உடனே மறித்தார்: நான் காட்டியவற்றில் ஒன்றே ஒன்றுதான் போர்ச்சுகீசிய நூல், மற்றவை எப்படி? ஆர்வான்டின் பதில்: அந்த வழங்குநர் தமக்குத் தெரிந்த எல்லா மொழி நூல்களின் விவரத்தையும் தருகிறார்.

இந்தப் பதிலை நான் ஏற்கிறேன். காலியான கட்டத்தில் ஓர் எண் இட்டு நிரப்பப்பட்டது என்றால் குவியலும் விளங்குகிறது, மொழி வேறுபாடும் விளங்குகிறது. கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரு நூலைப் பற்றிச் சொந்த நூலகரின் அட்டையும், கடல் கடந்த ஒரு வியாபாரியின் கோப்பும் முரண்பட்டபோது, இயந்திரம் இரண்டாவதைத் தேர்ந்தது. 2010இல் கூகுளே சொன்ன கணக்குப்படி இத்தகைய விவரங்கள் 150க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒரு நூலகப் பட்டியலில், ஏப்ரல் முட்டாள் தின வேடிக்கையாக யாரோ ஏற்றி வைத்த, வான்கோழி வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கும் கருவிகூட நூல் என்ற பெயரில் இருந்ததாம். அவற்றையெல்லாம் கழித்த பிறகு உலகில் உள்ள நூல்கள் 12,98,64,880 என்று கடைசி இலக்கம் வரை துல்லியமாக அறிவித்தார்கள்!

1899 தீர்ந்தது; வழக்கு முடியவில்லை. சார்லஸ் டிக்கன்ஸ் பிறந்தது 1812இல். அதற்கு முன் வெளியானவை என்று கூகுள் சொன்ன நூல்களில் அவர் பெயர் 182 இடங்களில் வந்தது. 'இன்டர்நெட்' என்ற சொல் 1950க்கு முந்தைய நூல்களில் 527 முறை தட்டுப்பட்டது. பிரேசில் கோப்பு இவற்றை விளக்காது. இங்கே ஒரு முக்கியமான தடயம், பருவ இதழ்கள். நூலகத்தில் ஓர் இதழுக்கு ஒரே அட்டைதான். அதில் இதழ் தொடங்கிய ஆண்டு இருக்கும். பல பத்தாண்டுகளின் கட்டுகள் தனித்தனியாகப் படமெடுக்கப்படும்போது, எல்லாக் கட்டுகளுக்கும் தொடக்க ஆண்டே ஒட்டிக்கொள்கிறது. ஆனந்த விகடன் தொடங்கியது 1926இல். 1960இன் கட்டு ஒன்று இவ்வழியில் பட்டியலேறினால், விண்வெளி யுகத்துச் சிரிப்புத் துணுக்குகள் காந்தி காலத்தவை ஆகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று சிக்மண்ட் ஃபிராய்டு. மொசைக் என்பது 1990களின் இணைய உலாவி. அதற்கான கையேடு ஒன்றின் ஆசிரியர்களாக ஃபிராய்டையும் கேதரின் ஜோன்ஸையும் காட்டி, ஆண்டு 1939 என்றது பட்டியல். கேதரின் ஜோன்ஸ் என்ற பெயர்தான் திறவுகோல். மோசேயைப் பற்றி ஃபிராய்டு எழுதிய கடைசிப் பெருநூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவர். அது வந்த ஆண்டு 1939. மோசேயின் பெயரும் மொசைக்கின் பெயரும் ஆங்கிலத்தில் அடுத்தடுத்து நிற்பவை. ஒரு நூலின் அட்டை இன்னொரு நூலின் படத்தோடு இணைந்துவிட்டது என்பதே என் ஊகம். ஆண்டு பொய் இல்லை, ஆசிரியர் பொய் இல்லை, நூல்தான் வேறு.

இவை சிரித்துவிட்டுப் போகும் சங்கதிகளா? 2010 டிசம்பரில் ஹார்வர்டு ஆய்வாளர்களும் கூகுளும் சேர்ந்து, சொற்களின் புழக்கத்தை ஆண்டுவாரியாக வரைந்து காட்டும் என்கிராம் கருவியை வெளியிட்டார்கள். அப்போது படமெடுத்து முடிந்தவை 1 கோடியே 50 லட்சத்துக்கு மேல். ஆய்வுக்குத் தேர்ந்தவை ஏறத்தாழ 52 லட்சம் மட்டும். எழுத்துணரியின் தரமும் ஆண்டு விவரத்தின் நம்பகமும் பார்த்து மீதியை ஒதுக்கினார்கள். அந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஆர்வான்டும் ஒருவர். மூன்றில் இரண்டு பங்கை விலக்கி வைத்தது, நன்பர்க்குக் கிடைத்த மௌனமான ஒப்புதல் என்றே நான் படிக்கிறேன்.

தமிழ் நூல்களுக்கு வரும்போது புதிர் இன்னொரு சுற்றுச் சுற்றுகிறது. பழைய தமிழ் நூல்கள் பலவற்றின் முகப்பில் இருப்பது ஆங்கில ஆண்டு அன்று. பிரபவ முதல் அட்சய வரை அறுபதில் ஒன்று. 1899 ஏப்ரலில் பிறந்தது விகாரி. 1839இலும் 1959இலும் பிறந்ததும் அதே விகாரி. 'விகாரி வருஷம் தை மாதம்' என்று மட்டும் போட்ட நூலுக்கு 1899 என்று எழுதினால், அறுபது ஆண்டுத் தடுமாற்றத்தில் தப்பினாலும் ஓராண்டு பிசகும்: அந்தத் தை 1900 ஜனவரியில்தான் வருகிறது.

மூன்று விகாரிகளையும் பிரிக்க, படத்திலேயே தடயங்கள் கிடைக்கும். விலை நயா பைசாவில் இருந்தால் 1959. 1957 ஏப்ரலுக்கு முன் அந்தக் காசு இல்லை. அணாவில் இருந்தால் பெரும்பாலும் மூத்த இரண்டில் ஒன்று. ஜான் மர்டாக் 1865இல் வெளியிட்ட தமிழ் அச்சு நூற்பட்டியலில் அதே பதிப்பு இருந்தால் 1839. அதில் இல்லை என்பது மட்டும் எதையும் மெய்ப்பிக்காது, ஏனெனில் மர்டாக் எல்லாவற்றையும் பார்த்தவர் அல்லர். பார்னெட்டும் போப்பும் தொகுத்து 1909இல் வந்த பிரிட்டிஷ் மியூசியம் தமிழ்ப் பட்டியலில் இருந்தால் 1959 கழிகிறது. 1867இன் அச்சு, நூற்பதிவுச் சட்டத்துக்குப் பிந்தையது என்றால், சென்னை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட்ட பதிவுப் பட்டியலில் அச்சகம், பக்க எண்ணிக்கை, அச்சிட்ட படிகள், விலை, வெளியான நாள் வரை இருக்க வாய்ப்புண்டு. முகவுரையின் கீழே உள்ள ஆண்டை மட்டும் நம்பக் கூடாது. மறுபதிப்பிலும் முதற்பதிப்பின் முகவுரையை நாள் மாற்றாமல் அப்படியே அச்சிடுவது நம்மவர் வழக்கம்.

ஆகவே இணைய நூலகத்தில் எடுத்த தமிழ் நூலுக்கு அடிக்குறிப்பு எழுதுகிறவர்கள், தேடல் முடிவில் தெரியும் ஆண்டை எடுத்து எழுத வேண்டாம். முகப்புப் பக்கத்தைத் திறந்து, ஆண்டின் பெயர், மாதம், விலை, அச்சகம் நான்கையும் பாருங்கள். பட்டியலோடு முரண்பட்டால் பக்க எண்ணைக் குறிப்பிட்டு அந்தக் களஞ்சியத்துக்கு எழுதுங்கள். ஹாத்திடிரஸ்டில் வரும் திருத்தங்கள், நூலை வைத்திருக்கும் நூலகத்துக்கே அனுப்பப்படுகின்றன. அங்கே அட்டை திருத்தப்பட்டால் களஞ்சியத்திலும் ஆண்டு மாறும்.