ஓடைக் குறுக்கு வேலி

ஓடைக் குறுக்கு வேலி என்பது, கொல்லையின் ஊடே ஓடை செல்லும் இடத்தில் ஆடுமாடுகள் படுகை வழியாக நுழையாதபடி இரு கரைகளுக்கும் இடையே அமைக்கப்படும் தடுப்பு. வெள்ளத்துக்கு வழிவிட்டு, கால்நடைக்கு வழி அடைப்பதே இதன் வேலை.

நிலமும் நீரும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து ஓடைகளில் பெரும்பாலானவை வடகிழக்குப் பருவமழையில் மட்டும் ஓடி, ஏரிகளிலோ சங்கராபரணி ஆற்றிலோ சேர்பவை. மற்ற மாதங்களில் காய்ந்த படுகையே மந்தைக்கு நடைபாதை. மல்லாட்டைக் கொல்லைக்குள் ஆடு இறங்குவதும் அவ்வழியேதான். மழைக்காலத்தில் நிலைமை வேறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. அது விழுப்புரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழையில் கிட்டத்தட்டப் பாதி.

வேலி சாயும் விதம்

வேலியைச் சாய்ப்பதில் தண்ணீரைவிட அது அடித்துவரும் செத்தைக்கே பங்கு அதிகம். கோரை, பனையோலை, வேலிகாத்தான் கிளை, பிளாஸ்டிக் பை எல்லாம் கம்பியில் சிக்கிச் சேரச் சேர, வேலியே தடுப்பணையாகிவிடும். தேங்கும் நீர் கல்கால்களைப் பெயர்க்கும்; அல்லது கரையை அறுத்துப் பக்கத்துக் கொல்லையில் புது வழி கண்டுகொள்ளும். ஓடைக்கம்பி கொல்லை வேலியின் தொடர்ச்சியாக இருந்தால், அந்த இழுப்பில் இருபுறமும் பல கால்கள் சேர்ந்து சாயும்.

அமைப்பு

ஆகவே, கரை விளிம்பிலிருந்து தள்ளி இருபுறமும் முட்டுக்கொடுத்த கல்கால் நட்டு, கொல்லை வேலியை அங்கேயே முடித்துவிட வேண்டும். இடைப்பட்ட பகுதி தனித்துண்டு. அதில் மூன்று வகை உண்டு.

*முள் படல்:* தண்ணீர் வடிந்தபின் தை, மாசியில் வைத்து, ஐப்பசிக்கு முன் எடுத்துவிடுவது. செலவு குறைவு. எடுக்க மறந்தால் வெள்ளத்தோடு போய் ஏரி மதகை அடைக்கும்.

*தொங்கு படல்:* கரைக்குக் கரை கட்டிய இரும்பு வடத்தில் சவுக்குக் கழிகளை இடைவெளிவிட்டுத் தொங்கவிடுவது. நீர் தள்ளும்போது மேலெழுந்து, வடிந்ததும் தானே இறங்கும். ஆஸ்திரேலிய, அமெரிக்க மேய்ச்சல் பண்ணைகளில் இது வழக்கத்தில் உள்ளது. மாட்டுக்குக் கழிகளின் இடைவெளி அகலமாக இருக்கலாம். ஆட்டுக்குட்டி எந்தச் சந்திலும் நுழையுமாதலால் அடிப்பகுதி நெருக்கமாக வேண்டும்.

*அறுபடு வேலி:* ஒரு முனையை இறுகக் கட்டி, மறுமுனையை மெல்லிய கட்டுக்கம்பியால் பிணைப்பது. வெள்ளம் அழுத்தினால் கட்டுக்கம்பி அறுந்து வேலி ஒரு கரையோரம் ஒதுங்கும். பிறகு இழுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

சட்டநிலை

வருவாய்க் கணக்கில் ஓடை பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு. இரு கரையும் ஒருவர் பட்டாவிலேயே இருந்தாலும் ஓடைப்படுகை அவருடையதாகிவிடாது. அதில் நிலையான கட்டுமானம் எழுப்பினால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் அகற்றப்படலாம். சிக்கல் இல்லாத மாற்று, ஓடையை அப்படியே விட்டு, இரு கரை நெடுகப் பட்டா நிலத்துக்குள் வேலி போடுவது. கம்பி இரட்டிப்பாகும், ஆனால் ஆண்டுதோறும் வெள்ளத்துக்குப்பின் பழுதுபார்க்கும் வேலை பெரிதும் குறையும்.