மலைமேல் ஒரு கண்மாய்

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் ரயில் கொடைரோட்டில் நிற்கிறது. ஊர் அம்மையநாயக்கனூர், நிலையத்தின் பெயர் மட்டும் கொடைக்கானலுக்காக வைத்தது. 1875-இல் இங்கே தண்டவாளம் வந்த பிறகு, மலைக்குப் போனவர்களுக்கு ரயில் சுகம் முடிந்து உடம்புப் பாடு தொடங்கிய இடம் இதுதான்.

இறங்கியவர்கள் மாட்டு வண்டி பிடித்து, இரவெல்லாம் குலுங்கியபடி பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலுள்ள கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்குப் போய்ச் சேர்வார்கள். அங்கிருந்து ஏற்றம். சுமார் 12 மைல் மலைப்பாதை. ஏறும் உயரம் ஏறக்குறைய 6,000 அடி. வெள்ளைக்காரர்கள் குதிரையில் போனார்கள், அல்லது டோலியில் உட்கார்ந்து போனார்கள். டோலியைத் தோளில் தாங்கியவர்களும், பெட்டி படுக்கையைத் தலையில் சுமந்தவர்களும் கூலியாட்கள். பாதைக்கே ‘கூலி காட்’ என்று பெயர் விழுந்தது.

இவ்வளவு சிரமப்பட்டு ஏறக் காரணம் காய்ச்சல். 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரர்களில் பலர் நோயில் மாண்டார்கள். பக்கத்துச் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள்; அங்கும் காய்ச்சல் விடவில்லை. பழனி மலையை 1821-இலேயே வார்டு என்ற ராணுவ அதிகாரி அளந்து வைத்திருந்தார். 1845-இல் மிஷன்காரர்கள் அங்கே இரண்டு வீடுகள் கட்டினார்கள். அதுதான் ஆங்கிலேயர் காலத்துக் கொடைக்கானலின் தொடக்கம்.

அப்போது அங்கே ஏரி இல்லை. சதுப்பான ஒரு பள்ளத்தாக்கும் அதில் ஓடைகளும்தான் இருந்தன.

மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச், 1863-இல் அந்தப் பள்ளத்தாக்கின் குறுக்கே கரை போட்டு நீரைத் தேக்கினார். கிளைகிளையாகப் பிரியும் அந்த நீர்ப்பரப்பு சுமார் 60 ஏக்கர். தூத்துக்குடியிலிருந்து படகும் வரவழைத்தார். மதுரைச் சீமைக்கு இது புதிய வித்தை அல்ல. தாழ்ந்த இடத்தில் கரை எழுப்பி ஓடுநீரை மறிப்பதைத்தான் கண்மாய் வெட்டியவர்கள் காலங்காலமாகச் செய்துவந்தார்கள். கீழே தேக்கியது நெல்லுக்கு. மேலே தேக்கியது படகு விட.

1914-இல் ‘லாஸ் காட்’ மலைச்சாலை முடிந்து, 1916-இல் போக்குவரத்துக்குத் திறந்தது. மோட்டார் ஏறியதும் டோலி இறங்கியது. கூலி காட் புதர் மண்டியது. கும்பக்கரைக்கும் வட்டக்கானலுக்கும் நடுவே, மலைச்சரிவில் இருக்கும் வெள்ளகவி மட்டும் அதற்குப் பிறகும் நெடுங்காலம் நடையையும் பொதிக்குதிரையையும் நம்பியே இருந்தது.

1985-இல் மாவட்டம் பிரிந்தபோது கொடைக்கானல் மதுரையை விட்டுத் திண்டுக்கல்லோடு போனது. ஆனாலும் அந்த ஏரியைக் கண்மாய்க்காரர் கண்ணோடு பார்த்தால்தான் விளங்கும். மலையேறும் பேருந்துகள் நின்று, பயணிகள் இறங்கிப் படம் எடுக்கும் வெள்ளி அருவி, லெவிஞ்ச் போட்ட கரையைத் தாண்டி வரும் மறுகால் தண்ணீர்தான்.