நிலையத்தின் வாசல்

கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் மாலை வேளையில் வந்து மாம்பலத்தில் இறங்குகிறவரிடம், நிலையம் முடிந்து தெரு தொடங்கும் இடம் எது என்று கேட்டால், அவரால் உடனே பதில் சொல்லிவிட முடியாது. பிளாட்பாரத்தில் தோளோடு தோள் உரசிய கூட்டம் மேம்பாலப் படிகளிலும் அப்படியே இறங்கி, ரங்கநாதன் தெருவுக்குள்ளும் அப்படியே நுழைந்து, உஸ்மான் சாலையை எட்டிய பிறகுதான் சற்று விலகி மூச்சு விடும். படிக்குக் கீழே ஈரச் சாக்கின்மேல் அடுக்கிய கீரைக் கட்டுகளும், கூறு கூறாக வைத்த எலுமிச்சம்பழமும், முழம் போட்டபடியே நிமிர்ந்து பாராமல் விலை சொல்லும் பூக்காரியும் வெகு காலமாக அத்தெருவின் முகப்பாக இருந்துவந்தார்கள். காரியாலயத்திலிருந்து திரும்பும் குமாஸ்தா, காலியான சாப்பாட்டு டப்பா கிடக்கும் பையிலேயே கால் கிலோ வெண்டைக்காயையும் திணித்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். குடியிருப்புத் தெருவாகவே பிறந்த இந்தச் சந்து நம் ராஜதானியின் பெரிய கடைவீதியாக மாறிய விதத்தை அறிய வேண்டுமானால், ஒரு ஏரியின் கதையையும் ஒரு தண்டவாளத்தின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏரி முந்தியது. நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரி என்று வழங்கியதும் ஒன்றையொன்று தொடர்ந்து, வடக்கே நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம்வரை வளைந்து கிடந்த அந்த நீர்ப்பரப்பை வெள்ளைக்காரர்கள் 'நீண்ட ஏரி' என்றே அழைத்தார்கள். அதில் படகுப் பந்தயங்கள் நடத்தியதும் உண்டு. பட்டணத்துக்கு மேற்கு எல்லையாக நின்றது அந்த ஏரிதான். அதற்கும் அப்பால், செங்கல்பட்டு ஜில்லா சைதாப்பேட்டைத் தாலுகாவைச் சேர்ந்த வயல்களுக்கும் தோப்புகளுக்கும் நடுவே, தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் மீட்டர் கேஜ் பாதை செங்கல்பட்டு, விழுப்புரம் மார்க்கமாகத் தூத்துக்குடியை நோக்கிச் சென்றது. தூத்துக்குடிவரை அந்தப் பெரும்பாதை 1880-ல் முழுமை பெற்றபோது, அது தூரதேசப் பிரயாணிகளுக்கும் சரக்குக்கும் அமைந்த பாதையாகத்தான் கருதப்பட்டதே தவிர, பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பவர் தினந்தோறும் ஏறி இறங்குவதற்கானது என்று யாரும் எண்ணியதில்லை. 1908-ல் எழும்பூரில் சிவப்பும் வெள்ளையுமாக எழுந்த நிலையமும் தென் ஜில்லாக்களிலிருந்து வருவோரை வரவேற்கும் தலைவாசலாகவே கட்டப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுனின் நெருக்கடி தாங்க முடியாத நிலைக்கு வந்தது. நகரத்தைக் கிரமமாக விஸ்தரிப்பது எப்படி என்று ஆராய்ந்து, ஹென்றி லான்செஸ்டர் என்ற நிபுணர் 1918-ல் சென்னையின் நகர நிர்மாணத்தைக் குறித்து ஒரு நூலே வெளியிட்டார். 1920-ல் நகர நிர்மாணச் சட்டமும் நிறைவேறியது. அச்சமயம் ஜஸ்டிஸ் கட்சியினரின் கையில் மாகாண மந்திரி பதவிகளும் சென்னைக் கார்ப்பரேஷனும் இருந்தன. ஏரியின் மாம்பலப் பகுதியை 1923-ஆம் ஆண்டு முதல் படிப்படியாகத் தூர்த்து, அங்கே ஒரு புது நகரை எழுப்பும் காரியத்தை அவர்கள் ஊக்கத்தோடு மேற்கொண்டார்கள். 1925-ல் காலமான சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் அந்நகருக்குச் சூட்டப்பட்டது; முதல் மந்திரியாக இருந்த பனகல் அரசரின் பெயர் நடுவிலிருந்த பூங்காவுக்கு வாய்த்தது; உஸ்மான், ஜி. என். செட்டி, பஸ்லுல்லா முதலியோரின் பெயர்கள் வீதிகளில் நிலைத்தன. பூங்காவைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல் அகலமான ரஸ்தாக்கள் விரிய, அவற்றின் இருமருங்கிலும் மரங்கள் நிழல் பரப்ப, தோட்டத்தோடு கூடிய தனி வீடுகள் அமைந்த அந்த நகர் அக்காலத்தில் இந்நாட்டில் நடந்த நகர நிர்மாண முயற்சிகளுள் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்று நான் தயங்காமல் சொல்வேன். ஒரு நீர்நிலையைத் தூர்த்தே அந்தச் சிறப்பை அடைந்தோம் என்பதும், ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் தெருக்கள் இன்றும் ஏரியாகிவிடுகின்றன என்பதும் அதே உண்மையின் மறுபக்கம்.

அந்நகர் உருவாகிவந்த அதே வருஷங்களில்தான் ரயில்வேக்காரர்களும் மற்றொரு திட்டத்தில் முனைந்திருந்தார்கள். 1925-ல் பம்பாயில் விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. சென்னையில் கடற்கரை முதல் தாம்பரம் வரை ஏறக்குறைய 29 கிலோமீட்டர் தூரத்துக்குப் புறநகர் வண்டிகளுக்கென்று தனித் தண்டவாளங்கள் போட்டு, மேலே கம்பி கட்டி, 1,500 வோல்ட் நேர் மின்னோட்டத்தில் வண்டிகளை ஓட்டுவது என்பது தென்னிந்திய ரயில்வேயின் ஏற்பாடு. 1931 ஏப்ரல் 2-ஆம் தேதி கவர்னர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி அதைத் தொடங்கிவைத்தார். மே 11 முதல் பொதுமக்கள் அதில் பிரயாணம் செய்யலானார்கள். மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடியது இந்தியாவில் அதுவே முதல் தடவை.

நீராவி வண்டிக்கும் இதற்கும் இருந்த வித்தியாசம் புகை இல்லாமை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. நீராவி எஞ்சின் ஒரு கோடியை அடைந்ததும் அதைக் கழற்றி, தண்ணீர் பிடித்து, வேறு தண்டவாளம் வழியாக மறுமுனைக்குக் கொண்டுவந்து பூட்டியாக வேண்டும்; மின்சார வண்டியிலோ டிரைவர் கீழே இறங்கி நடந்துபோய் மறுகோடியில் இருக்கும் அறைக்குள் ஏறிக்கொண்டால் போதும், வந்த வண்டி உடனே திரும்பிப் புறப்படும். புறப்பட்ட சில விநாடிகளுக்குள் வேகம் பிடித்துவிடுவதால், ஒரு மைலுக்கு ஒரு நிலையம் வைத்தாலும் கால தாமதம் பெரிதாக நேராது. அடிக்கடி வண்டி, அடுத்தடுத்து நிலையம், குறைந்த கட்டணத்தில் சீசன் டிக்கெட் என்ற இம்மூன்றும் கூடியபோது, சேத்துப்பட்டு, கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம் என்று ஊருக்கு வெளியே கிடந்த கிராமங்கள் யாவும் ஊருக்கு உள்ளே வந்துவிட்டன. பட்டணத்துக் குடக்கூலிக்கு அஞ்சிய நடுத்தரக் குடும்பத்தார், கிணறும் இரண்டு தென்னையும் இருக்கிற வீட்டைப் பழவந்தாங்கலிலோ குரோம்பேட்டையிலோ தேடலானார்கள்.

இப்பாதையின் பெரும் பாக்கியம் ஒன்று உண்டு. காலையில் எல்லோரும் ஒரே திசையில் நகரத்துக்குள் போய், மாலையில் எல்லோரும் ஒரே திசையில் திரும்பினால், பாதி வண்டிகள் காலியாக ஓட நேரும். புறநகர் ரயில்களை எந்தத் தேசத்திலும் பீடிக்கிற நஷ்டம் இதுவே. தாம்பரம் பாதையில் எதிர்த்திசைக்கும் ஆட்கள் கிடைத்தார்கள். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் க்ஷயரோகிகளுக்காக ஒரு சானடோரியத்தை ஸ்தாபித்தார். பின்னாளில் அதன் பெயரிலேயே ஒரு ரயில் நிலையமும் அமைந்தது. கோட்டைக்கு அருகே, ஹைகோர்ட்டுக்கு எதிரே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக நடந்துவந்த கிறிஸ்தவக் கல்லூரி, இடநெருக்கடியிலிருந்து விடுபட விரும்பி, 1937-ல் தாம்பரத்தையடுத்த சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. நகரத்தின் நடுவிலிருந்து ஒரு பெரிய கல்லூரியைப் பதினெட்டு மைல் தள்ளிக் கொண்டுபோகத் துணிவதற்கு, மின்சார ரயில் அடிக்கடி ஓடுகிறது என்ற நம்பிக்கை எத்தனை உதவியிருக்க வேண்டும்! 1958-ல் கிண்டித் தொழிற்பேட்டையும் தோன்றிய பிறகு, பட்டணத்து மாணவரும் தொழிலாளரும் தெற்கே செல்ல, தாம்பரத்துக் குமாஸ்தாக்கள் வடக்கே செல்ல, இரு திசை வண்டிகளும் நிறைந்தன. எவரேனும் ஒரு மேஜையில் அமர்ந்து யோசித்து வகுத்த ஏற்பாடாக இது இருந்திருந்தால் அவரை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால் ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் தன் தேவையை உத்தேசித்துச் செய்த காரியங்கள் தற்செயலாக இப்படிக் கூடிவந்தன.

தற்செயல் கைவிட்ட இடமும் உண்டு. அது நிலையத்தின் வாசல். மாம்பலத்தின் படத்தை விரித்துப் பார்த்தால் என் மனக்குறை எளிதில் விளங்கும். அகலமான வீதிகள் யாவும் பனகல் பூங்காவை நோக்கிக் கூடுகின்றன. தினந்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் கால்நடையாக வெளிவரும் ரயில் நிலையத்துக்கோ ஒரு குறுகிய சந்து வாய்த்தது. பூங்காவை மையமாக வைத்து நகரை வகுத்தவர்கள் வில்லு வண்டியிலும் மோட்டாரிலும் சென்றவர்கள். தண்டவாளத்தைப் போட்டவர்கள், லண்டனில் பதிவாகி, திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு, அரசாங்கத்தின் சொத்தை ஒப்பந்தப்படி நிர்வகித்த ஒரு கம்பெனியார். அவர்களுடைய அதிகாரம் வேலியோடு முடிந்துவிடும். வேலிக்கு அப்பால் வீதி கார்ப்பரேஷனைச் சேர்ந்தது. பிளாட்பாரத்திலிருந்து வீட்டு வாசற்படி வரை பிரயாணி நடக்கும் அந்த அரை மைல் யாருடைய கணக்கிலும் சேரவில்லை.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. ஜப்பானில் ஒஸாகா நகருக்கு அருகே 1910-ல் ஒரு சிறிய மின்சார ரயில் கம்பெனியை நடத்திய கொபயாஷி இச்சிஸோ என்பவர், வண்டி ஓடுவதற்கு முன்பே பாதையோரத்து நிலங்களை வாங்கிவைத்து, வீடு கட்டி, உத்தியோகஸ்தர்களுக்குத் தவணை முறையில் விற்றார். பாதையின் ஒரு கோடியில் தகரஸுகாவில் 1914-ல் பெண்களே நடிக்கும் நாடகக் குழுவை அரங்கேற்றினார். நகரத்துப் பக்கம் உமேடாவில் 1929-ல் நிலையத்தோடு ஒட்டிய பெரிய அங்காடியைத் திறந்தார். லண்டனிலும் மெட்ரோபாலிடன் ரயில்வே 1919-ல் தனக்கென ஒரு மனைக் கம்பெனியை ஏற்படுத்திக்கொண்டது. ரயில் வருவதால் ஏறும் நிலத்தின் விலையில் ஒரு பங்கு ரயிலுக்கே திரும்பி வந்ததால், அங்கெல்லாம் நிலைய வாசலைச் செப்பனிடுவது கம்பெனியின் சொந்த லாபத்தைச் சேர்ந்த காரியமாயிற்று. நம் ஊரில் அந்த உயர்வு முழுவதும் மனைக்காரர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ரயிலுக்குக் கிடைத்தது சீசன் டிக்கெட்டின் சொற்பக் காசு.

திட்டக்காரர் விட்டுவைத்த வெற்றிடத்தைக் கூட்டத்தின் கால்கள் நிரப்பின. தினமும் இத்தனை பேர் நடந்துபோகும் சந்தில் முதலில் காய்கறிக் கூடைகள் வந்தன. பிறகு வீட்டுத் திண்ணைகள் கடைகளாயின. பாத்திரக் கடையும் துணிக் கடையும் மாடிமேல் மாடியாக எழும்பின. தண்டவாளத்துக்கு மேற்கே கதை வேறு. மேற்கு மாம்பலத்துக்கு ஏரி மனையின் ஒழுங்கும் கிட்டவில்லை, அகன்ற ரஸ்தாவும் கிட்டவில்லை. சாக்கடையற்ற தெருக்களும் கொசுவும் யானைக்கால் நோயுமே வெகு காலம் அதன் பெயரோடு ஒட்டியிருந்தன. ஒரே நிலையத்தின் இரு வாசல்களில் ஒன்று தியாகராய நகரையும் மற்றொன்று இந்தப் புறக்கணிப்பையும் நோக்கித் திறந்தது என்பதை நினைக்கும்போது என் மனம் ஆறுவதில்லை. ரயில்வே கேட்டில் காத்து நின்ற தலைமுறைக்குப் பிறகுதான் துரைசாமி சுரங்கப்பாதை போன்ற வழிகள் இரு பக்கத்தையும் இணைத்தன.

பாதையிலும் மாறுதல்கள் நேர்ந்தன. 1944-ல் கம்பெனி ஆட்சி முடிந்தது. 1951-ல் தெற்கு ரயில்வே பிறந்தது. 1960-களின் பிற்பகுதியில் நேர் மின்னோட்டம் போய் 25,000 வோல்ட் மாறு மின்னோட்டம் வந்தது. ஆயினும் மீட்டர் கேஜ் பெட்டியின் குறுகிய வயிற்றுக்குள்தான் ஜனங்கள் தொடர்ந்து அடைந்துகொண்டார்கள். அகலப் பாதையாக மாறி, கடைசி மீட்டர் கேஜ் வண்டி விடைபெற 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் நாம் நேர்மாறான தவறு ஒன்றும் செய்தோம். பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டித் தூண்கள் நாட்டிப் பறக்கும் ரயிலை அமைத்தபோது, நிலையத்தையே வியாபார ஸ்தலமாக்கும் எண்ணம் பிறந்தது. 1995-ல் சேப்பாக்கம் வரையும், 1997-ல் மயிலாப்பூர் வரையும், 2007-ல் வேளச்சேரி வரையும் திறந்த அப்பாதையில், கோட்டைபோன்ற நிலையங்களை அடுக்கு அடுக்காகக் கட்டினார்கள். கடைகளுக்கென்று ஒதுக்கிய தளங்கள் பல ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்தன. பஸ் நிற்கும் இடத்துக்கும் நிலைய வாசலுக்கும் சரியான தொடர்பு இல்லாத இடத்தில், எத்தனை மாடி எழுப்பினாலும் ஆள் எங்கிருந்து வருவான்? ரங்கநாதன் தெருவில் இடமே இல்லாமல் கூட்டம் வியாபாரத்தை வளர்த்தது. இங்கே இடம் ஏராளமாக இருந்தும் கூட்டம் வரவில்லை.

2023 மே மாதம் மாம்பலம் நிலையத்திலிருந்து தியாகராய நகர் பஸ் நிலையம் வரை ஏறக்குறைய 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாலம் ஒன்றை மாநகராட்சி திறந்தது. மின்சார ரயில் ஓடத் தொடங்கித் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் கழித்து, அந்த அரை மைலை நடப்பவருக்கென்றே ஒரு வழி பிறந்தது. குழந்தையை இடுப்பில் வைத்த தாயும், முழங்காலில் வலி கண்ட முதியவரும், பெட்டி சுமந்து வெளியூர் போகிறவரும் நெரிசலில் சிக்காமல் அதன்மேல் நடந்துபோவதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. ஆனாலும் அந்தி சாய்ந்த பிறகு வண்டி வந்து நின்றதும், இறங்கிய கூட்டத்தில் ஒரு பெரும் பகுதி பாலத்தை நாடாமல் பழைய படிகளிலேயே திரும்பிக் கீழே இறங்குகிறது. இரவுச் சமையலுக்குரியதை வாங்கிக்கொண்டுதானே வீட்டுக்குப் போக வேண்டும்?