சர்ப்பகந்தா வேரும் சங்கிலியும்

திருத்தங்கலிலும் சிவகாசியிலும் வளரும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தியைப் பாடநூல் கற்பிக்க வேண்டியதில்லை. மத்தாப்பு மருந்தில் பேரியம் உப்பைச் சேர்த்தால் பச்சை ஒளி தோன்றும். ஸ்ட்ரான்ஷியம் உப்பைச் சேர்த்தால் சிவப்பு ஒளி தோன்றும். சிறிதளவு இரசாயனம் தீயின் கோலத்தையே மாற்றிவிடுகிறது. மனித மூளையிலும் இத்தகைய நுண்ணிய இரசாயனங்கள் உள்ளன; அவற்றின் அளவு மாறினால் அவனுடைய நடத்தையும் மாறக்கூடும். இவ்வுண்மை சென்ற நூற்றாண்டில் தெளிவடைந்தபோது, அதற்கு வழிகாட்டியவற்றுள் நம் நாட்டு வேர் ஒன்றும் இருந்தது. அதன் வரலாற்றில் முஸ்லிம் பெருமக்கள் இருவருக்குப் பங்குண்டு.

அரபியில் பித்துப் பிடித்தவனை ‘மஜ்னூன்’ என்பர். ‘ஜின்’ என்னும் சொல் பிறந்த அதே வேரில் பிறந்தது இது. ஆயினும் அரபு மருத்துவ நூலோர் அச்சொல்லோடு நின்றுவிடவில்லை. கடுந்துயர நோயைக் கிரேக்க வழிவந்த ‘மாலன்கூலியா’ என்னும் பெயரால் குறித்து, கரும்பித்தமே அதற்குக் காரணம் என்றனர். நம் ‘பைத்தியம்’ என்னும் சொல்லும் பித்தத்தின் வழிவந்ததே. அவர்கள் கண்ட காரணம் இன்று ஏற்கப்படுவதில்லை; ஆனால், உடலுக்குள் காரணம் தேடிய அவர்களது நெறி பிழையன்று.

சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரை யூனானி ஹகீம்கள் ‘அஸ்ரோல்’ என்பர். பீகார்ப் பகுதியில் மக்கள் அதனைப் பைத்திய மருந்து என்றே அழைத்தனர். டில்லியின் புகழ்பெற்ற மருத்துவர் ஹகீம் அஜ்மல் கான் (1868–1927) பழைய மூலிகைகளைப் புதிய இரசாயன முறைப்படி ஆராய வேண்டுமென விழைந்தார். அவர் நிறுவிய திப்பியாக் கல்லூரியை 1921இல் காந்தியடிகள் திறந்துவைத்தார். ஜெர்மனியில் இரசாயனம் பயின்று திரும்பிய சலீமுஸ்ஸமான் சித்தீகீ (1897–1994) அக்கல்லூரியில் ஆய்வை மேற்கொண்டு, 1931இல் இவ்வேரின் சத்துகள் சிலவற்றைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றுக்கு, மறைந்த ஹகீமின் நினைவாக ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டார். அது இதயத் துடிப்பைச் சார்ந்த மருந்தாயிற்று. அதே 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் சித்தப் பிரமைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் இவ்வேர் பயன்படுவதை எழுதி வெளியிட்டனர்.

மனத்தின்மீது வினைபுரியும் ‘ரெசர்பின்’ என்னும் சத்தை 1952இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர். அமெரிக்காவில் பெர்னார்ட் பிராடியின் ஆய்வுக்கூடத்தார், இம்மருந்து ‘செரடோனின்’ என்னும் பொருளின் இருப்பைக் குறைப்பதை 1955இல் கண்டனர். ஸ்வீடன் நாட்டு அர்வித் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. ‘எல்-டோபா’ என்னும் பொருளைச் செலுத்தியதும் மீண்டும் எழுந்து நடமாடின. மூளையில் ‘டோபமைன்’ ஆற்றும் பணி இவ்வாறு வெளிப்பட்டது. நடுக்குவாத நோய்க்கான மருந்துக்கும் வழி திறந்தது. கார்ல்சன் 2000இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். ரெசர்பின் சிலருக்குச் சோர்வு நோயை விளைவித்ததாகக் கருதப்பட்டதால், பின்வந்த மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன. ஆகவே இவ்வேரைத் தாமாக அரைத்துண்பது பேராபத்து.

இத்துணை அறிவு திரண்ட பின்னரும் நம் சமுதாயத்தில் நிகழ்ந்தது என்ன? 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், நமக்கு அண்மையிலுள்ள இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர்கள் தப்பியோட இயலாது வெந்தனர். மாண்டவர் 28 பேர். அவர்களும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள். குணமாகும் என்னும் நம்பிக்கையோடு அங்குக் கொண்டுவரப்பட்டவர்கள். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது.

நோயைத் தந்த அல்லாஹ் அதற்குரிய மருந்தையும் தந்துள்ளான். ஆகவே மருத்துவம் செய்துகொள்க என்பதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இதில் உடல் நோய்க்கு ஒரு நீதி, மன நோய்க்கு ஒரு நீதி என்றில்லை. துஆ செய்வோம், அது நம் கடமை. கூடவே நோயாளியின் கைப்பற்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம், அதுவும் கடமையே. தீனில் பற்றுடைய ஹகீம் அஜ்மல் கான் வேரை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினார். நாம் மட்டும் நம் பிள்ளையைச் சங்கிலிக்கு அனுப்பலாமா?