ஸ்லைடு ரூல் குறித்த ஏக்கமும் கருவிக் கணக்கின் வரலாறும்

திறவுச்சொற்கள்: ஸ்லைடு ரூல், மடக்கை, ஆட்ரெட், டெலமெய்ன், கணிப்புக் கருவிகள், நினைவும் வரலாறும்

மின்னணுக் கணிப்பான் பரவுவதற்கு முன் பொறியியல் பயின்ற தலைமுறையினரின் நினைவுக் குறிப்புகளில் ஸ்லைடு ரூலுக்குத் தனியிடம் உண்டு. அக்கருவி எண்ணின் அளவைக் கையாலும் கண்ணாலும் உணரச் செய்தது. பொத்தானை அழுத்தி விடை பெறுவோர்க்கு அவ்வுணர்வு வாய்ப்பதில்லை என்பதே அக்குறிப்புகளின் சாரம். 1991இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற ஆட்ரெட் கழகம் போன்ற சேகரிப்பாளர் அமைப்புகள் இவ்வேக்கத்திற்கு ஒரு நிறுவன வடிவத்தையும் தந்துள்ளன. இவ்வேக்கம் பொய்யானதன்று. ஆயினும், கருவி மறைந்தபின் எழுந்த மதிப்பீட்டை அது வழக்கிலிருந்த காலத்தின் சான்றாகக் கொள்வது வரலாற்றாய்வில் இடர் தரும். ஸ்லைடு ரூல் புரிதலைக் காத்தது என்னும் கூற்றை அக்கருவியின் தோற்றக் காலத்து விவாதத்தோடு வைத்து இக்கட்டுரை நோக்குகிறது.

கூற்றின் வலுவான பகுதியை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். மடக்கைகளைக் கூட்டினால் அவற்றிற்குரிய எண்கள் பெருகும் என்பதே ஸ்லைடு ரூலின் அடிப்படை. மடக்கை அளவில் குறியிடப்பட்ட இரு சட்டங்களில் ஒன்றை மற்றொன்றின்மீது நகர்த்துவது இரு நீளங்களைக் கூட்டுவதே. ஆனால் சட்டம் இலக்கங்களை மட்டுமே காட்டும்; தசமப் புள்ளியைக் காட்டாது. 24ஐ 35ஆல் பெருக்கினாலும், 2.4ஐ 3.5ஆல் பெருக்கினாலும், 0.24ஐ 350ஆல் பெருக்கினாலும் கண்ணாடிக் கோடு நிற்கும் இடம் ஒன்றே. விடை 840ஆ, 8.4ஆ, 84ஆ என்பதைப் பயன்படுத்துவோரே மனத்தில் தோராயமாகக் கணித்து முடிவு செய்ய வேண்டும். அன்றியும், 25 சென்டிமீட்டர் நீளமுள்ள சட்டத்தில் மூன்று இலக்கங்களுக்கு மேல் நம்பிக்கையோடு படிப்பது அரிது. அளவிடப்பட்ட தரவு எவ்வளவு துல்லியமோ அதற்கு மேற்பட்ட துல்லியத்தை விடையில் காட்ட அக்கருவி இடங்கொடுக்கவில்லை. இவ்விரண்டும் உண்மையான பயிற்சிகளே.

இனி தோற்றக் காலத்திற்கு வருவோம். ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் 1614இல் மடக்கைகளை வெளியிட்டார். எட்மண்ட் கன்டர் 1620இல் அவற்றை ஓர் அளவுகோலில் பொறித்து, கவராயத்தால் நீளங்களை எடுத்துக் கூட்டும் முறையை வகுத்தார். கவராயத்தை விலக்கி, அளவுகளையே ஒன்றன் பக்கத்தில் ஒன்று நகரும்படி அமைத்தவர் வில்லியம் ஆட்ரெட் என்னும் ஆங்கிலப் பாதிரியார். அவருடைய வட்டவடிவக் கருவியைப் பற்றிய நூலை அவர்தம் மாணவர் வில்லியம் ஃபார்ஸ்டர் 1632இல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். அதற்குச் சற்று முன்பே, ஆட்ரெட்டிடம் பயின்றவரும் கணித ஆசிரியருமான ரிச்சர்ட் டெலமெய்ன் அத்தகைய வட்டக்கருவி ஒன்றைத் தம் கண்டுபிடிப்பாக அச்சிட்டிருந்தார். யார் முந்தியவர் என்னும் பூசல் மூண்டது. நமக்கு அப்பூசலின் தீர்ப்பு இங்கு வேண்டியதில்லை. அதனுள் பொதிந்திருந்த வேறொரு விவாதமே கருதத்தக்கது.

ஆட்ரெட் தம் கருவியைப் பல ஆண்டுகள் வெளியிடாமலே வைத்திருந்தார். ஏனென்று ஃபார்ஸ்டர் வினவியபோது அவர் அளித்த விடை அந்நூலின் காணிக்கையுரையில் பதிவாகியுள்ளது. கலையின் உண்மை வழி நிறுவலே, கருவியன்று. கருவியிலிருந்து தொடங்கும் ஆசிரியர்கள் மாணாக்கரைச் செப்படி வித்தைக்காரர்களாக ஆக்குகின்றனர் என்பது அதன் கருத்து. டெலமெய்ன் இதை ஏற்கவில்லை. நிறுவல்களில் ஆழ நேரமும் வாய்ப்பும் இல்லாதோர்க்கும் கணிதத்தின் பயன் எட்ட வேண்டும் என்பது அவர் தரப்பு. அவரை வெறும் போட்டியாளராக ஒதுக்குவது முறையன்று. கணிதம் யாருக்கு உரியது என்னும் வினாவை அவர் தெளிவாகவே எழுப்பினார்.

ஆக, இன்று கணிப்பான்மீது சாட்டப்படும் குற்றத்தை ஸ்லைடு ரூல்மீது முதன்முதலில் சாட்டியவர் அதை ஆக்கியவரே. ஆட்ரெட் பெயரைத் தாங்கிய கழகம் அக்கருவியைப் போற்றிப் பேணுவதில் ஒரு நயமான முரண் உண்டு.

பிந்தைய வரலாறு டெலமெய்ன் எதிர்பார்த்த வழியிலேயே சென்றது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரம் அளப்போர்க்கும், மதுப்பீப்பாய்களின் கொள்ளளவைக் கணித்து வரி விதிக்கும் அலுவலர்க்கும் எனத் தனித்தனிச் சட்டங்கள் தோன்றின. தாமஸ் எவரார்ட் 1683இல் வகுத்த சட்டம் வரி அலுவலர்க்கானது. மடக்கை இன்னதென அறியாமலே அதைக் கையாள முடியும். அதற்காகவே அது அவ்வாறு வடிவமைக்கப்பட்டது.

ஏக்கம் மறைக்கும் மற்றொன்று உழைப்பு. நெவில் ஷூட் 1954இல் தம் தன்வரலாற்றுக்கு ஸ்லைடு ரூல் என்றே பெயரிட்டார். 1920களில் ஆர்100 என்னும் ஆகாயக் கப்பலின் கணிப்பாளர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். அங்குப் பயன்பட்டது ஃபுல்லர் வகை உருளைச் சட்டம். 500 அங்குல நீளமுள்ள அளவு அதில் திருகுச் சுற்றாக அமைந்திருந்தது. கப்பலின் குறுக்குச் சட்டகம் ஒன்றின் தகைவுகளைக் கணிக்க இருவருக்கு இரண்டு மூன்று மாதங்கள் பிடித்தன என்கிறார் ஷூட். ஏழு மாறிகள் வரை கொண்ட சமன்பாடுகளைத் தீர்த்தபின், தொடக்கத்தில் கொண்ட ஊகம் பிழையெனத் தெரிந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். விடை சரியென்று தெளிந்த கணத்தில் ஏறக்குறையச் சமய அனுபவத்தை ஒத்த நிறைவு தோன்றியதாகவும் அவர் எழுதுகிறார். அந்நிறைவு சட்டத்திலிருந்து வந்ததா, அதற்குச் செலுத்திய மாதங்களிலிருந்து வந்ததா என்று கேட்கலாம். பின்னதே என்பது என் கருத்து.

1972இல் 395 டாலர் விலையில் வந்த எச்பி-35 கணிப்பான் இவ்வுழைப்பை முடிவுக்குக் கொணர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் பெரிய நிறுவனங்கள் ஸ்லைடு ரூல் உற்பத்தியைக் கைவிட்டன.

கருவிக் கணக்கையும் கோட்பாட்டறிவையும் வேறுபடுத்தும் ஆட்ரெட்டின் பார்வை தமிழ்நிலத்துச் சான்று ஒன்றிலும் எதிரொலிக்கிறது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825இல் காலசங்கலித என்னும் நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, சொற்களாகவும் அசைகளாகவும் மனனம் செய்த அட்டவணைகளைக் கொண்டு அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் அவர் விவரித்துள்ளார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் மட்டுமே பிழை நேர்ந்தது. அவருடைய நினைவாற்றலை வாரன் வியந்தார். வானியல் கோட்பாட்டை அவர் அறியார் என்றும் குறித்தார். கோட்பாடு அறியாமை இங்குக் குறையாகச் சுட்டப்படுகிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் எந்த வாக்கியத்தை எடுப்பது, எத்தனை சோழிகளை நகர்த்துவது, எங்கே நிறுத்துவது என்று அறிந்திருப்பதும் அறிவே. அதை அளக்கும் சொற்கள் ஆட்ரெட்டிடமும் இல்லை, வாரனிடமும் இல்லை.

ஸ்லைடு ரூலைப் பற்றிய நினைவுகள் பெரும்பாலும் எழுதப் பழகிய பொறியாளர்களுடையவை. பீப்பாய்களை அளந்த அலுவலர் தம் சட்டத்தை எவ்வாறு எண்ணினார் என்பதை அவற்றிலிருந்து பெற முடியாது. புதுச்சேரிக் கணிப்பாளரைப் பற்றி வாரன் எழுதினார். சோழிகளைப் பற்றி அக்கணிப்பாளர் எழுதிய ஒரு வரியும் நம் கையில் இல்லை.