வந்து போகும் விருந்தினரும் மண்டகப்படிக்காரரும்: மதுரை மிஷனின் குறும்பயணங்கள், அழகர் வழியிலிருந்து ஒரு வாசிப்பு

வெளிநாட்டுக் கிறிஸ்தவத் தம்பதியர் பத்து நாள் விடுப்பில் மதுரைக்கு வந்து, இரண்டு கிராமச் சபைகளில் பேசி, ஒரு சிறுவர் இல்லத்தைப் பார்த்து, படங்களோடு ஊர் திரும்புவது இன்று புதிதல்ல. சமூகவியலர் ராபர்ட் வுத்னோ 2005-ஐ ஒட்டி மதிப்பிட்டபடி, ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் அமெரிக்கச் சபையார் இவ்வாறு வெளிநாடு போய் வந்தார்கள். இப்பயணங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: பழைய மிஷனரிகள் வாழ்நாளையே கொடுத்தார்கள், இவர்கள் விடுமுறையைக் கொடுக்கிறார்கள். இந்த எதிர்நிலை மதுரை வரலாற்றுக்குப் பொருந்தவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். இங்கே மிஷன் தொடக்கத்திலிருந்தே குறும்பயணங்களால் ஆனது. ஒரு பயணம் பயன்பட்டதா இல்லையா என்பதை அதன் நாள்கணக்கு தீர்மானிக்கவில்லை. வரவேற்கும் உரிமை யார் கையில் இருந்தது என்பதே தீர்மானித்தது. இந்த உரிமையைப் பற்றி யோசிக்க மதுரை வட்டாரத்திலேயே முதிர்ந்த ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது அழகர்கோவில் சாலையில் ஆண்டுதோறும் நடக்கிறது.

முதலில் அமெரிக்கர்கள். அமெரிக்கன் போர்டு என்ற அயல்மிஷன் சங்கம் 1810-இல் தோன்றியது. அது அனுப்பிய முதல் குழு 1812 பிப்ரவரியில் கப்பலேறியபோது, அதில் புதுமணத் தம்பதியர் இருந்தனர். அவர்களுள் ஹாரியட் நியூவெல் அதே ஆண்டு நவம்பரில் மொரீஷியஸ் தீவில் இறந்தார், வயது 19. எந்த ஊரிலும் அவர் ஊழியம் செய்யவில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு அமெரிக்க வீடுகளில் படிக்கப்பட்ட அளவுக்கு, நாற்பதாண்டு உழைத்தவர்கள் பலருடைய அறிக்கைகள் படிக்கப்படவில்லை. இன்று குறுங்காலப் பயணத்தின் பலன் பயணிக்குத்தான், போன ஊருக்கு அல்ல என்று குறை சொல்கிறோம். அந்தக் குறைக்கு வயது இருநூறு தாண்டிவிட்டது.

மதுரைக்கு அவர்கள் வந்தது யாழ்ப்பாணம் வழியாக. 1834 ஜனவரியில் லீவை ஸ்பால்டிங் ஊரைப் பார்த்துவிட்டுப் போனார். அதே ஆண்டு ஜூலையில் வில்லியம் டாடும் ஹென்றி ஹாய்சிங்டனும் வந்து குடியமர்ந்தார்கள். குடியமர்ந்தார்கள் என்பதுகூடக் கொஞ்சம் பெரிய சொல். ஹாய்சிங்டன் விரைவிலேயே யாழ்ப்பாணம் திரும்பி வட்டுக்கோட்டைச் செமினரியின் பொறுப்பை ஏற்றார். (பிற்காலத்தில் சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் இவரே. மதுரையில் நீடித்திருந்தால் அந்தப் பணி நடந்திருக்குமா என்பது ஐயமே.) டாடின் மனைவி லூசி மதுரைக்கு வந்த மறு ஆண்டே இறந்தார், டாடும் சில ஆண்டுகளில் அமெரிக்கா திரும்பிவிட்டார். அடுத்து வந்த டேனியல் பூரும் அவர் மனைவி ஆனும் மதுரை நகரிலும் சுற்றூர்களிலும் பள்ளிகளைப் பெருக்கிவிட்டு 1841-இல் யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டார்கள். நிறுவனத்தின் பெயர் நிலைத்தது. நிறுவியவர்களில் பலர் வந்து போனவர்கள்.

1834 ஜூலையில் அமெரிக்கர்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து தமிழ் உதவியாளர் மூவரும் வந்தார்கள். மிஷன் கணக்கில் இவர்கள் துணையாளர். ஆட்சிக் கணக்கில் இவர்களும் வெளிநாட்டார்தான். இலங்கை பிரிட்டிஷ் முடியின் குடியேற்றம், மதுரை கம்பெனியின் மாவட்டம். சந்தையிலும் திண்ணையிலும் பேச முடிந்தவர்கள் இவர்கள். முதல் சில ஆண்டுகளில் பள்ளி நடந்தது, துண்டுப்பிரசுரம் கைமாறியது, விவாதம் நடந்தது என்றெல்லாம் படிக்கும்போது, அந்த வினைகளுக்குப் பெரும்பாலும் எழுவாய் இவர்களாகத்தான் இருக்க முடியும். யாழ்ப்பாண விடுதிப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளரின் பெயரைச் சூட்டும் வழக்கம் வேறு இருந்தது. அதனால் மிஷன் ஏடுகளில் ஓர் ஆங்கிலப் பெயரைக் கண்டதும் அது வெள்ளைக்காரர் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

நிலையாகத் தங்கிய பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. திருமங்கலம், பசுமலை, வத்தலக்குண்டு, மேலூர் என்று பங்களாக்கள் எழுந்தன. திருமங்கலத்தில் 1842-இல் தொடங்கிய செமினரி 1845-இல் பசுமலைக்கு மாறியது. ஆனால் பங்களாவுக்கு வெளியே மிஷனரி செய்த வேலை பெரும்பகுதியும் கூடாரப் பயணம். குளிர்காலத்தில் மாட்டு வண்டியில் கூடாரம், கட்டில், புத்தகப் பெட்டி ஏற்றிக்கொண்டு ஒரு வட்டத்துக்குப் போவார்கள். ஒரு தோப்பில் சில நாள் தங்கிச் சுற்றியுள்ள கிராமங்களைக் காலையிலும் மாலையிலும் பார்ப்பார்கள். துரை மதுரைச் சீமையில் முப்பது ஆண்டு இருந்தார் என்றாலும், மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்று அவரைக் கண்டது ஆண்டுக்கு ஒரு பொழுதாகத்தான் இருக்கும். அந்த ஊரின் கண்ணில் அவரும் பத்து நாள் பயணியே. எஞ்சிய நாள்களில் அங்கே இருந்தவர்கள் உபதேசியாரும் அவர் மனைவியும்.

மிஷனரித் தம்பதியரில் மனைவியின் இடம் தனியாகக் கவனிக்கத்தக்கது. அறிக்கைகளில் அவர் கணவர் பெயருக்குப் பின்னால் வருகிறார். ஆனால் தெருவுக்குள்ளும் அடுக்களைக்குள்ளும் போக முடிந்தவர் அவர்தான். சாரா கேப்ரன் மானாமதுரையிலும், 1876-இல் கணவர் இறந்த பிறகு மதுரையிலும் பெண்களிடையே செய்த வேலை வேதாகம ஸ்திரீகள் என்ற தமிழ்ப் பெண் ஊழியர்களை நம்பியே நடந்தது. இன்றைய கேப்ரன் ஹால் பள்ளி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. வீடு வீடாகப் போன அந்தப் பெண்கள் பெயரைத் தாங்கிய கட்டடம் ஒன்றும் எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கே ஒரு காலக்கணக்கு. அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். வெயில் மாதங்களில் குடும்பத்தோடு மலையேறுவது அதன்பின் நிலைத்த வழக்கமாயிற்று. அழகர் வைகையில் இறங்கும் சித்திரைப் பௌர்ணமி அந்த மாதங்களுக்குள்தான் விழுகிறது. மேலூர், நத்தம், சோழவந்தான் பக்கத்து ஊர்களெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்கு வரும் அதே நாள்களில், இந்த மக்களை அறிய வந்த தம்பதியரில் பலர் மலைமேல் இருந்திருக்க வேண்டும். சமவெளியில் இருந்தவர்கள் தமிழ் ஊழியர்கள். மக்கள் தங்களுக்குள் விருந்தினரை எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் பார்க்க இதைவிட நல்ல நாள் கிடையாது. அந்தப் பாடத்தைத் தவறவிடும்படியாக மிஷனின் ஆண்டுக் கால அட்டவணையே அமைந்திருந்தது.

அந்தப் பாடம் என்ன? கள்ளழகர் மதுரைக்குப் போய் வருவது ஒரு குறும்பயணம். பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் விடைபெற்று மலையடிவாரத்திலிருந்து கிளம்பும் பல்லக்கு பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன் திருப்பதி, கடச்சனேந்தல் என்று வந்து, மூன்றுமாவடியில் எதிர்சேவை ஏற்று, தல்லாகுளம் சேர்ந்து, வைகையில் இறங்கி, வண்டியூர், தேனூர் மண்டபம் எல்லாம் கண்டு, சில நாள்களில் மலை திரும்பும். வழியெங்கும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒரு மண்டகப்படியை அருகிலிருந்து பார்த்தால் அதன் நுணுக்கம் புரியும். கீற்றுப் பந்தல், வாழைமரம், பானகமும் நீர்மோரும் நிறைந்த அண்டாக்கள். சர்க்கரை நிரப்பி வாழையிலையால் மூடிய செம்பின்மேல் சூடம் ஏற்றிக் காத்திருக்கும் பெண்கள். தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சக் காத்திருக்கும் நேர்த்திக்காரர்கள். பல்லக்கு நிற்பது சில நிமிடங்கள்தான். ஆனால் எத்தனை நிமிடம், யார் கையால் மாலை, யாருக்கு முதலில் பரிவட்டம் என்பதெல்லாம் அந்த மண்டகப்படிக்காரரின் உரிமை. அது குடும்பத்துக்கோ சமூகத்துக்கோ வணிகர் கூட்டத்துக்கோ வழிவழியாக வருவது. செலவு அவர்களுடையது, ஆகவே பெருமையும் அவர்களுடையது. வருபவர் கடவுளே ஆனாலும் விருந்தினர்தான். தன் பந்தலுக்குள் மண்டகப்படிக்காரரே தலைவர்.

தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ ஆய்வு, இக்கோயிலோடு கள்ளர், இடையர், பள்ளர்-பறையர், வலையர் ஆகியோர் கொண்ட உறவைத் தனித்தனியே ஆராய்ந்தது. பெருங்கோயிலை அரசர் வரலாறாக மட்டும் படித்த பழக்கத்தை அது மாற்றியது. மிஷன் வரலாற்றுக்கும் அதே வகையான இடமாற்றம் தேவை என்று கருதுகிறேன். பயணியின் நாட்குறிப்பிலிருந்து எழுந்து, பந்தல் போட்டவரின் கணக்கேட்டுக்குப் போக வேண்டும்.

அப்படிப் போய்ப் பார்த்தால் இரண்டு வருகைகள் துலக்கமாகின்றன. முதலாவது, போர்டின் செயலர் ரூபஸ் ஆண்டர்சனும் அகஸ்டஸ் தாம்ப்சனும் 1854-55-இல் மேற்கொண்ட ஆய்வுப் பயணம். மதுரை மிஷனும் யாழ்ப்பாண மிஷனும் அவர்கள் வழியில் இருந்தன. அவர்களுடைய கொள்கையில் நல்லதும் உண்டு: சபைகள் தம் மொழியில், தம் போதகர்களால், தம் பணத்தில் நடக்க வேண்டும் என்றார்கள். ஆனால் அதை முடிவு செய்தவர்கள் வந்து போனவர்கள். ஆங்கிலக் கல்வி மிஷனின் வேலையல்ல என்ற அவர்கள் தீர்ப்பின் விளைவாக 1855-இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. சி. வை. தாமோதரம்பிள்ளை படித்த இடம் அது. தன்னாட்சி தர வந்த விருந்தினர், வீட்டுக்காரரின் பள்ளியை மூடிவிட்டுக் கப்பலேறினார்கள். இந்த வட்டாரத்து மிஷன் வரலாற்றில் மிக அதிக விளைவு உண்டாக்கிய வருகைகளுள் ஒன்று மிகக் குறுகியதும்கூட. எனவே நாள் குறைவு என்பதற்காக மட்டும் ஒரு பயணத்தை வலுவற்றது என்று தள்ள முடியாது.

இரண்டாவது வருகை எதிர்த்திசையில் நடந்தது. 1900 வாக்கில் யாழ்ப்பாணத்து மாணவர்கள் தங்களுக்கென்று ஓர் அயல்மிஷன் சங்கம் அமைத்து, அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த தொண்டிக்கு ஊழியரை அனுப்பினார்கள். 1902-இல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலராக யாழ்ப்பாணம் போன வே. ச. அசரியா அதைக் கண்டார். கடலுக்கு அப்பாலிருந்து சின்னச் சபை ஒன்று நம் கரைக்கு ஆள் அனுப்புகிறது, பெரிய திருநெல்வேலிச் சபை யாருக்கும் அனுப்பவில்லை என்ற உறுத்தல் அவருக்கு. 1903 பிப்ரவரியில் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. மறு ஆண்டு அதன் முதல் மிஷனரி தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பகுதிக்குப் போனார். அசரியாவும் சில நாள் பயணிதான். ஆனால் கற்பிக்கப் போன இடத்தில் விருந்தோம்பியவரிடமிருந்து கற்றுத் திரும்பினார். பணமும் திட்டமும் யாழ்ப்பாணத்தாருடையவை. அதனால் பாடமும் அவர்களிடமிருந்தே வந்தது.

அசரியாவின் நண்பர் ஷெர்வுட் எடி 1896-இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர். 1898-இல் மாட் ஆர்டனை மணந்து வத்தலக்குண்டில் வாழ்ந்தார். மாடின் தந்தை ஏ. எச். ஆர்டன் பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதியவர். மொழி அறிந்த வீட்டிலிருந்து வந்த தம்பதியர் என்பதால்தான் அந்த நட்பு கூடியது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் 1910 எடின்பரோ மாநாட்டில், மிஷனரிகள் தியாகம் செய்கிறார்கள், பணம் தருகிறார்கள், நட்பைத் தருவதில்லை என்ற பொருளில் அசரியா பேசியபோது, நட்பு இருந்தால் எப்படியிருக்கும் என்று அறிந்தே பேசினார்.

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மண்டகப்படி உரிமை எல்லாருக்கும் இருந்ததா? இல்லை. பந்தல் போடும் உரிமை சாதியையும் சொத்தையும் ஒட்டியே வந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்ததே 1939 ஜூலை 8-இல். சேரித் தெருவுக்கு எந்தப் பல்லக்கும் வராத காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையும் அம்மாளும் வந்து திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள் என்றால், அதன் கனத்தை நாள்கணக்கால் அளக்கக் கூடாது. அவர்கள் ஊரின் கட்டுக்குள் அடங்காத அந்நியர் என்பதே அங்கே பயன்பட்டது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறுப்பு வாதத்தை முறிக்கவில்லை; கூர்மைப்படுத்துகிறது. தண்ணீர் கொடுத்த அந்தச் சேரி வீட்டாரும் அன்று விருந்தளிக்கும் உரிமை பெற்றார்கள். அந்த உரிமையைப் பறிக்கும் பயணம்தான் பழுதான பயணம்.

இன்றைய பயணங்கள் பெரும்பாலும் பறிக்கின்றன. 1998 மிட்ச் புயலுக்குப் பின் ஹோண்டுராஸில் கட்டிய வீடுகளை ஆராய்ந்த கர்ட் வெர் பீக், வெளிநாட்டுக் குழு கட்டிய வீடும் உள்ளூர் அமைப்பு கட்டிய வீடும் குடியிருப்போர் வாழ்வில் வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை என்று கண்டார். வேறுபட்டது செலவு: பயணச் செலவு சேர்த்தால் ஒரு குழு சுமார் 30,000 டாலர் செலவழித்த இடத்தில், உள்ளூரார் ஒரு வீட்டை 2,000 டாலரில் கட்டினார்கள். பந்தலையும் பானகத்தையும் விருந்தினரே சுமந்து வந்தால் வீட்டுக்காரருக்குப் பார்வையாளர் இடம்தான் மிஞ்சும். மதுரையில் இதற்கு ஒரு சட்டப் பக்கமும் உண்டு. சுற்றுலா விசாவில் வருபவர் ஆராதனையில் கலந்துகொள்ளலாம், பிரசங்கம் செய்யக் கூடாது. மீறினால் தம்பதியர் விமானம் ஏறிவிடுவார்கள். காவல் நிலையத்துக்குப் போய் வருபவர் அழைத்த போதகர்.

இதற்கு மாறான ஏற்பாடும் அழகர் வழியிலேயே உண்டு. 1881-இல் பசுமலையில் தொடங்கி 1904-இல் வைகையின் வடகரைக்கு வந்த அமெரிக்கன் கல்லூரியும், 1948-இல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கிய லேடி டோக் கல்லூரியும் இருப்பது தல்லாகுளம் சுற்றுவட்டாரத்தில், அழகர் வரும் வழிக்கு அருகில். ஓபர்லின் கல்லூரியின் ஷான்சி அமைப்பு, 1950களுக்குப் பிறகு இளம் பட்டதாரிகளை இங்கே ஆங்கிலம் கற்பிக்க அனுப்பியது. அவர்கள் வந்து சேர்ந்தது கல்லூரியின் கால அட்டவணைக்குள். எந்த வகுப்பு, எந்த நேரம் என்று சொன்னவர்கள் மதுரைக்காரர்கள்.

பந்தல் போட்டவரின் கணக்கேட்டை எங்கே தேடுவது? ஜே. எஸ். சாண்ட்லர் எழுதிய மிஷன் வரலாறு முதன்மையாக மிஷனரிகளின் வரலாறு. தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியராக இருந்தவர் என்பதால், அவர் காதில் விழுந்த தமிழ்ப் பெயர்கள் அச்சில் வந்தவற்றைவிட அதிகமாகத்தான் இருந்திருக்கும். அவற்றைப் பசுமலையில் அச்சான ‘சத்தியவர்த்தமானி’ இதழ்களிலும், பழைய சபைகளின் தமிழ் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளிலும் தேடலாம். உபதேசியார் எந்த ஊரிலிருந்து வந்தார், மனைவி என்ன வேலை பார்த்தார், சாட்சிக் கையெழுத்து யாருடையது என்பவை அப்பதிவேடுகளின் ஓரப் பத்திகளில் வர வாய்ப்புண்டு. மேலூர் வட்டத்துச் சபைகளில் தொடங்குவது பொருத்தம். கூடாரம் அடித்த ஊர்களும் மண்டகப்படிக்கு வண்டி கட்டிய ஊர்களும் அங்கே அக்கம்பக்கமாக இருக்கின்றன.