பிள்ளைகள் பார்த்தே கற்கின்றனர்: சமூகக் கற்றல் கோட்பாடும் ஆளுமை விருத்தியும்

வீட்டில் பெரியவர் ஒருவர் கோபத்தில் கதவை அடித்துச் சாத்துகிறார். மூலையில் விளையாடிக் கொண்டிருக்கும் சிறுவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. சில நாட்களின் பின்னர், கேட்டது கிடைக்காதபோது அவனும் அதே போன்று கதவைச் சாத்துகிறான். "இதை இவனுக்கு யார் பழக்கியது?" என்று நாம் கேட்கிறோம். யாரும் பழக்கவில்லை, அவன் பார்த்துக் கற்றுக் கொண்டான்.

தான் வாழும் சமூகத்தின் மொழி, பழக்கவழக்கம், விழுமியங்கள் ஆகியவற்றை உள்வாங்கி ஒருவர் அச்சமூகத்தின் அங்கத்தவராக மாறுவதையே சமூகமயமாக்கல் என்கிறோம். வெகுமதியும் தண்டனையுமே மனித நடத்தையை உருவாக்குகின்றன என்பது நடத்தைவாதிகளின் கருத்தாக இருந்தது. ஆனால் ஒவ்வொன்றையும் தானே செய்து, அதன் விளைவை அனுபவித்துத்தான் கற்க வேண்டுமெனில் மனிதனுக்கு ஆயுள் போதாது. பிறரை அவதானிப்பதன் மூலமும் கற்றல் நிகழ்கிறது என்பதைப் பரிசோதனை மூலம் காட்டியவர், கனடாவில் பிறந்த உளவியலாளர் அல்பர்ட் பண்டூரா (1925–2021) ஆவார்.

1961இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பாலர் பாடசாலையில் 72 பிள்ளைகளைக் கொண்டு அவரும் அவரது குழுவினரும் ஒரு பரிசோதனையை நடத்தினர். ஒரு பகுதியினர் முன்னிலையில் பெரியவர் ஒருவர் 'போபோ' எனும் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடித்தார், உதைத்தார். இன்னொரு பகுதியினர் அமைதியாக விளையாடும் பெரியவரைக் கண்டனர். மூன்றாம் பகுதியினருக்கு எவரும் காட்டப்படவில்லை. பின்னர் தனித்தனியே விளையாட விடப்பட்டபோது, தாக்குதலைக் கண்ட பிள்ளைகள் அதே செயல்களையும் அதே சொற்களையும் கூடுதலாகப் பின்பற்றினர்.

1965இல் வெளியான ஆய்வு இதைவிடச் சிந்திக்க வைக்கிறது. பொம்மையைத் தாக்கியவர் தண்டிக்கப்படும் திரைப்படத்தைப் பார்த்த பிள்ளைகள் அவரைக் குறைவாகவே பின்பற்றினர். ஆனால், "அவர் செய்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்று கூறப்பட்டதும் அந்த வேறுபாடு மறைந்து போனது. அதாவது, தண்டனையைக் கண்டதால் அவர்கள் அச்செயலைச் செய்யாதிருந்தார்களே தவிர, கற்காமல் இருக்கவில்லை.

அவதானித்துக் கற்பதற்கு நான்கு படிகள் உள்ளன என்கிறார் பண்டூரா. ஒன்று, கவனம் செலுத்துதல். இரண்டு, கண்டதை நினைவில் இருத்தல். மூன்று, அதைச் செய்து காட்டும் ஆற்றல். நான்கு, செய்வதற்கான ஊக்கம். பிள்ளை எல்லோரையும் ஒரே அளவில் பின்பற்றுவதில்லை. அன்பு காட்டுபவர், மதிப்பும் அதிகாரமும் உள்ளவர், தன்னைப் போன்றவர் ஆகியோரே அதன் கவனத்தை அதிகம் ஈர்க்கின்றனர். இதனாலேயே பெற்றோர், ஆசிரியர், நண்பர்கள், ஊடகம் ஆகியன சமூகமயமாக்கலின் பிரதான முகவர்களாக விளங்குகின்றன.

எனினும் பிள்ளை வெறும் கண்ணாடி அல்ல. மனிதன், அவனது நடத்தை, சூழல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று மாற்றிக் கொண்டே இருக்கின்றன என்பது இக்கோட்பாட்டின் முக்கிய கருத்தாகும். "என்னால் முடியும்" எனும் நம்பிக்கையும் இவ்வாறே வளர்கிறது. தன்னைப் போன்ற ஒருவர் முயன்று வெற்றி பெறுவதைக் காணும் பிள்ளை தானும் முயல்கிறது.

பொம்மையை அடிப்பதும் மனிதரை அடிப்பதும் ஒன்றாகுமா, ஆய்வுகூடத்தில் கண்ட நடத்தை நீடிக்குமா என்ற விமர்சனங்கள் உண்டு. பரம்பரைக் காரணிகளுக்கு இக்கோட்பாடு போதிய இடமளிக்கவில்லை என்பாரும் உளர். ஆயினும் பெற்றோராகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. "அடிக்காதே" என்று கூறியவாறே பிள்ளையை அடிக்கும்போது, அது நமது சொல்லை மட்டுமன்றிக் கையையும் கற்றுக் கொள்கிறது. தண்டனைக்குப் பயந்து இன்று அது அடங்கியிருக்கலாம். கற்றது உள்ளே இருக்கும். எனவே பிள்ளையைத் திருத்த முன்னர், அது தினமும் பார்த்துக் கொண்டிருக்கும் நமது நடத்தையைத் திருத்திக் கொள்வோம்.